வாசலிலேயே மறிக்கும் காவல்

சேலம் ஜில்லாவினின்று பிரிந்து நாமக்கல் தனி ஜில்லாவாக இயங்கத் தொடங்கிய 1997-ஆம் வருஷத்திலேதான், அமெரிக்க தேசத்துப் பால் விக்சி என்னும் நிபுணர், வேண்டாத மின்னஞ்சல்களுக்கு இடங்கொடுத்த கணினிகளின் எண்களைத் திரட்டி, அவற்றோடு சம்பந்தமே கொள்ளாதிருக்க இணையச் சேவை நிறுவனங்களுக்கு உதவும் கறுப்புப் பட்டியலொன்றை நடைமுறைக்குக் கொணர்ந்தார். 1978-இல் கணினிக் கம்பெனி விற்பனையாளர் ஒருவர் சுமார் 400 பேருக்கு ஒரேயடியாக அனுப்பிய விளம்பரமே இவ்வுபத்திரவத்தின் ஆதி என்பர்.

லாரித் தொழிலுக்குப் பேர்போன நாமக்கல் சீமையில், சோதனைச்சாவடிக்காரர் சரக்கைப் பிரித்துப் பாராமல் வண்டியின் பதிவெண்ணைக் கண்ட மாத்திரத்திலேயே திருப்பியனுப்பினால் எப்படியோ, அப்படியே இம்முறையும் அஞ்சலைத் திறவாமல், அனுப்பும் கணினியின் எண்ணைப் பட்டியலில் தேடி, இருப்பின் வாசலிலேயே மறுத்துவிடும். குற்றமற்றவரும் சிற்சில சமயம் அதில் அகப்பட்டு வருந்தினர் என்பதும் இச்சரித்திரத்தின் ஓர் அம்சமே.