காலுக்கு வந்த நிறம்

திருவொற்றியூர்ச் சாலையில் காலடிப்பேட்டை என்று ஓர் இடம் உண்டு. பெயரைக் கேட்டதும், யாரோ ஒரு மகானின் பாதம் பட்ட மண் போலும் என்று எண்ணத் தோன்றும். உண்மை வேறு. 1717 முதல் 1720 வரை சென்னையில் கவர்னராக இருந்த ஜோசப் காலெட் துரை, கம்பெனிக்குத் துணி நெய்வதற்காக நெசவாளர்களைக் குடியேற்றிய ஊர் அது. 'காலெட் பேட்டை'யை நம்மவர் நாக்கு காலடிப்பேட்டை ஆக்கிவிட்டது.

பெயரில் காலடி வந்ததே தவிர, காலடிக்கு அங்கே யோகம் வரவில்லை. யோகமெல்லாம் துணிக்குத்தான். பக்கத்து வண்ணாரப்பேட்டையில் கம்பெனித் துணிகளை வெளுத்தார்கள். அவுரி நீலமும் சாயவேர்ச் சிவப்பும் ஏறிய துணிகள் இந்தக் கடற்கரையிலிருந்து கப்பல் ஏறின. மூட்டை சுமந்து படகில் ஏற்றியவர்களோ மணலில் வெறுங்காலோடு நடந்தார்கள்.

இன்று டர்க்காய்ஸ் நிறத்தில், அதாவது பச்சையும் அல்லாத நீலமும் அல்லாத அந்தக் கடல் நிறத்தில், ஒரு ஜோடி ஷூ வாங்கிவிட்ட பெண், "இது எந்த உடைக்கு எடுக்கும்?" என்று கவலைப்படுகிறாள். அற்பக் கவலை என்று சிரித்துவிடாதீர்கள். எந்த உடைக்கு எந்தப் பாதரட்சை என்பதைச் சர்க்காரே தீர்மானித்த காலமும் இருந்தது.

வெள்ளைக்கார அதிகாரி முன்னால் இந்தியர் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நிற்க வேண்டும் என்பது அந்நாள் மரியாதை. 1854-ல் கவர்னர் ஜெனரல் சபை ஒரு சலுகை காட்டிற்று. ஐரோப்பிய பூட்ஸ் அணிந்து வருகிறவர் அதைக் கழற்ற வேண்டாம். நாட்டுச் செருப்பானால் வாசலோடு சரி! 1862-ல் சூரத் நீதிமன்றத்தில் மானக்ஜி கவாஸ்ஜி எண்டி என்ற பார்ஸி கனவான், காலணியைக் கழற்ற முடியாது என்று நீதிபதியிடமே மறுத்து நின்றார். அது பெரிய வழக்காயிற்று.

வெள்ளைக்காரனை மட்டும் குறை சொல்வானேன்? 1930-ல் ராமநாதபுரம் சீமையில் ஆதிதிராவிடர்மீது ஆதிக்கச் சாதியார் எட்டுத் தடைகள் விதித்தார்கள். ஆண்கள் குடை பிடிக்கக் கூடாது, செருப்பு அணியக் கூடாது என்பது அவற்றில் ஒன்று. மாட்டுத் தோலை உரித்தும் பதனிட்டும் செருப்பாக்கித் தந்தவர்களுக்கே அது காலில் கூடாதாம்!

அந்தத் தோலுக்கும் ஒரு சரித்திரம் உண்டு. 1856-ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ரயில் ஓடத் தொடங்கிற்று. தோல் பதனிடும் வட ஆர்க்காட்டுச் சீமைக்கும் சென்னைக் கடற்கரைக்கும் இடையே வழி சுருங்கியது. அந்நாளில் ஆவாரம்பட்டையில் ஊறி வந்த தோலெல்லாம் பழுப்பு. மேலே எந்தச் சாயம் பூசினாலும் அடியிலிருக்கும் பழுப்பு எட்டிப் பார்க்கும்.

1884-ல் அமெரிக்காவில் அகஸ்டஸ் ஷூல்ட்ஸ் என்பவர் குரோம் உப்பால் தோல் பதனிடும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்பிரட் சாட்டர்டன் அதைச் சென்னையில் செய்து காட்டினார். 1912-ல் பல்லாவரத்தருகே சேம்பர்ஸ் என்ற துரை தொடங்கிய குரோம் தோல் தொழிற்சாலைதான் குரோம்பேட்டைக்குப் பெயர் தந்தது. ஆக, வடக்கே துணியால் ஒரு பேட்டை. தெற்கே தோலால் ஒரு பேட்டை.

குரோமில் ஊறிய தோல் தொட்டியிலிருந்து வெளிவரும்போதே வெளிர்நீலமாக இருக்கும். பளிச்சென்ற நிறங்கள் அதில் நன்றாக ஏறும். துணிக்கு மட்டும் வாய்த்திருந்த வண்ணம் காலுக்கும் இப்படித்தான் வந்து சேர்ந்தது.

சரி, அந்தப் பெண்ணுக்கு என்ன சொல்வது? வெள்ளைக் கைத்தறிக்கும் சந்தன நிறத்துக்கும் அந்த ஷூ பேஷாகப் பொருந்தும். மாம்பழ மஞ்சளோடும் செங்கல் சிவப்போடும் எடுப்பாக இருக்கும். மயில்கழுத்துப் புடவையோடு போட்டால் இரண்டும் ஒன்றையொன்று அமுக்கிவிடும். என் ருசி இவ்வளவுதான். பிடிக்காவிட்டால் தள்ளிவிட்டு, தன் மனசுப்படி உடுத்திக்கொள்ளட்டும். எதைக் காலில் போடலாம் என்று பிறர் விதித்ததெல்லாம் போதும்.