குப்பைக் குழியும் உர மூட்டையும்



திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி பக்கத்திலே வீட்டுக் கொல்லையிலே நாலு கத்தரி, நாலு வெண்டை போட்டிருக்கிறவர்கள் கேட்கிற கேள்வி ஒன்றுதான். "எரு நல்லதா, உப்பு உரம் நல்லதா?" இதற்குப் பதில் நூறு வருஷத்துக்கு மேற்பட்ட ஒரு கதையிலே இருக்கிறது.

1889ல் வோல்க்கர் என்கிற இங்கிலாந்து ரசாயன நிபுணர் நம் நாட்டு விவசாயத்தைப் பார்வையிட வந்தார். எருவின் அருமை தெரியாமல் இவர்கள் சாணத்தை எரிக்கவில்லை, விறகு இல்லாததால்தான் வறட்டி தட்டி எரிக்கிறார்கள் என்று 1893ல் வெளியான அறிக்கையிலே கண்டு சொன்னார். ஆக, அன்றைக்கே மண்ணுக்குப் போக வேண்டியது அடுப்புக்குப் போயிற்று.

அந்தக் குறையை ஈடுகட்ட ஆலை உரம் வந்தது. 1906ல் ராணிப்பேட்டையிலே பாரி கம்பெனி சூப்பர் பாஸ்பேட் தயாரித்தது. 1909ல் ஜெர்மனியிலே ஹேபர் என்பவர் காற்றிலுள்ள நைட்ரஜனைக் கொண்டு அம்மோனியா செய்து காட்டினார். 1971ல் நமக்குப் பக்கத்திலே, மணலியிலே, சென்னை உரத் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கிற்று. யூரியா மூட்டை ஊருக்கு ஊர் வந்து இறங்கிற்று.

அதே 1909ல் கோயம்புத்தூர் வேளாண்மைக் கல்லூரியிலே நிரந்தர உரச் சோதனை ஒன்று தொடங்கினார்கள். ஒரு பாத்திக்கு எதுவுமே இல்லை. ஒன்றுக்குத் தழைச்சத்து மட்டும். ஒன்றுக்குத் தழை, மணி, சாம்பல் மூன்றும். ஒன்றுக்குத் தொழு எரு. கண்டது என்ன? தழைச்சத்து மட்டும் போட்ட பாத்தி பின்தங்கிப் போயிற்று. மூன்று சத்தும் சேர்ந்தது நல்ல மகசூல் கொடுத்தது. தொழு எரு விழுந்த மண்ணிலோ கரிமச்சத்து கூடி, ஈரம் பிடித்து வைக்கும் தன்மையும் உயர்ந்தது.

இப்போது கணக்குப் பாருங்கள். ஒரு சென்ட் தோட்டத்துக்கு மக்கிய எரு 100 கிலோ வேண்டும். அதிலே தழைச்சத்து சுமார் அரை கிலோ. ஏறக்குறைய 1 கிலோ 100 கிராம் யூரியாவிலே அவ்வளவும் அடங்கிவிடும். ஆனால் யூரியா சட்டென்று கொடுத்துச் சட்டென்று தீரும். எரு மெல்லக் கொடுக்கும்; மண்ணையும் பொலபொலப்பாக்கும். ஒன்று செடிக்குச் சோறு, மற்றது மண்ணுக்குச் சோறு.

ஆகவே கடைசி உழவிலே எருவைப் போட்டுக் கொத்திவிடுங்கள். நட்ட முப்பதாம் நாள் செடி வெளுத்திருந்தால், சென்ட்டுக்கு 200 கிராம் யூரியாவைத் தண்டிலே படாமல் ஈர மண்ணிலே தூவி, மண் அணைத்துத் தண்ணீர் விடுங்கள். வெறும் யூரியாவையே நம்பினால் இலை தழைக்கும். பூச்சியும் தேடி வரும்.

இன்னொன்று, இதைக் கவனமாகக் கேளுங்கள். தொழிற்பேட்டைப் பக்கத்திலே உலைச் சாம்பலும் ஆலைக் கழிவு மண்ணும் சும்மா கிடைக்கிறதே என்று குப்பைக் குழியிலே கொட்டாதீர்கள். அடுப்புச் சாம்பல் வேறு, அது வேறு. அதிலே ஈயம், காட்மியம் இருக்கக்கூடும். எத்தனை நாள் ஊறினாலும் இவை மக்காது. மண்ணிலே தங்கி, கீரை வழியாக நம் பிள்ளைகள் வயிற்றுக்கு வரும். சந்தேகம் இருந்தால் திரூர் வேளாண் அறிவியல் நிலையத்திலே கேளுங்கள்.

இன்றைக்கு அடுப்பிலே காஸ் எரிகிறது. சாணத்தை எரிக்க வேண்டிய நிலை இல்லை. மாடுதான் குறைந்துபோயிற்று. மாடு இல்லாத வீட்டிலும் காய்கறித் தோல், சருகு உண்டே! கொல்லை மூலையிலே நிழலாக ஒரு குழி வெட்டி, அவற்றைப் போட்டு மண் மூடி வையுங்கள். அடுத்த பட்டத்துக்கு எரு கையிலே இருக்கும்.