காப்பித் தோட்டத்துக் கல்வீடுகள்



பாச்சலூர்ப் பக்கம் பூர்வீகத் தோட்டத்தை விற்கப் போகிறவர்களும், ஜேசிபி வைத்துத் திருத்தப் போகிறவர்களும் நம்மிலேயே சிலர் இருக்கிறீர்கள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. மண்ணைப் புரட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

கீழ்மலைத் தோட்டங்களில் பலகைக் கற்களைச் சுற்றி நிறுத்தி, மேலே ஒரு பெரிய கல்லை மூடியாக வைத்த அமைப்புகள் உண்டு. பாண்டவர் வீடு, குள்ளர் வீடு என்று ஊருக்கு ஒரு பெயர். பாண்டவரும் இல்லை, குள்ளரும் இல்லை. இரும்புக் காலத்து மக்கள் இறந்தவர்களுக்கு எழுப்பிய கல்திட்டைகள் அவை. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மூத்தவை.

ஆங்லேட், நியூட்டன் என்ற இரண்டு சேசு சபைப் பாதிரியார்கள் பழனிமலைக் கல்திட்டைகளை ஆராய்ந்து எழுதினார்கள். 1928-ல் இந்தியத் தொல்லியல் துறையே அதை நூலாக வெளியிட்டது. பிற்பாடு பேராசிரியர் கா. ராஜன் தாண்டிக்குடியில் அகழாய்வு செய்தார். ஈமச்சின்னங்களிலிருந்து மணிகளும் இரும்புப் பொருட்களும் கிடைத்தன. வெள்ளைக்காரன் காப்பி கொண்டுவந்த பிறகுதான் இந்த மலைக்கு வரலாறு என்று நினைக்கிறவர்கள் கவனிக்கவும்!

இத்தனை காலம் இந்தக் கற்கள் எப்படிப் பிழைத்தன? நம் விவசாய முறைதான் காரணம் என்பது என் எண்ணம். நிழல் மரம், அதில் மிளகுக் கொடி, கீழே காப்பி, இடையில் மலைவாழை. எதற்கும் சரிவைச் சமப்படுத்த வேண்டியதில்லை. கல் கிடந்த இடத்தில் கிடந்தது, செடி அதைச் சுற்றி வளர்ந்தது. 1970-களுக்குப் பிறகு முடிக்கொத்து நோய் மலைவாழையை அழித்தது. 2008-ல் விருப்பாச்சி மலைவாழைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது, மகிழ்ச்சி. ஆனால் அது பழத்தின் பெயருக்குத்தான். இன்று தோட்டத்தைவிட அங்கே கட்டும் விடுதியில் வருமானம் அதிகம். விடுதிக்குச் சமதளம் வேண்டும்.

மலைப்பகுதியில் பட்டா நிலத்து மரத்தை வெட்டவும் அனுமதி வேண்டும். அதற்கு 1955-லேயே சட்டம் வந்துவிட்டது. ஆனால் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அரசு அறிவிக்காத கல்திட்டை பட்டாவுக்குள் இருந்தால், அதன் கதி உங்கள் கையில்தான். மூடுகல்லைப் பெயர்த்துத் துணி துவைக்கப் போட்டால்கூடப் பெரும்பாலும் யாரும் கேட்க மாட்டார்கள்.

புதையல் ஆசையில் தோண்டுகிறவர்களுக்கு ஒரு செய்தி. பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானமுள்ள புதையல் கிடைத்தாலே கலெக்டருக்கு எழுதித் தர வேண்டும் என்கிறது 1878-ஆம் ஆண்டுச் சட்டம்.

தோட்டத்தில் அப்படிப்பட்ட கல் இருந்தால் நகர்த்தாமல் போட்டோ எடுங்கள், பக்கத்தில் ஒரு ஆள் நின்றால் அளவு தெரியும். சர்வே எண்ணோடு மாநிலத் தொல்லியல் துறைக்கு அனுப்புங்கள். கடிதம் எழுதத் தயக்கமாக இருந்தால் எனக்கு அனுப்புங்கள், எழுதித் தருகிறேன்.