தூரிகைக்குத் துணைநின்ற சட்டம்

மன்னர் மாளிகையிலே கலை வளர்ந்தது என்று ஏடுகள் கூறுகின்றன. வளர்ந்தது கலை, வளைந்தது கலைஞனின் முதுகு! அதை மட்டும் ஏடுகள் எழுதுவதில்லை. பிரபுவுக்கு ஒரு படம், பிரபுவின் மனைவிக்கு ஒரு படம், பிரபுவின் வேட்டைநாய்க்கும் ஒரு படம்! கூலி கேட்டால் 'பிறகு வா' என்ற பதில். ஐரோப்பாவிலே ஓவியர் பலர் நூற்றாண்டுக் கணக்கில் கண்ட வாழ்வு இது.

அந்த வாழ்வு வேண்டாம் என்றார் இலண்டன் ஓவியர் ஒருவர். வில்லியம் ஹோகார்த் என்பது அவர் பெயர். ஒரு பிரபு தரும் நூறு பொன்னைவிட, நூறு குடிமக்கள் தரும் ஆளுக்கொரு பொன் மேலானது என்பதை வாழ்ந்து காட்டியவர். தூரிகையையோ எழுதுகோலையோ நம்பி வாழ விரும்பும் இளைஞர்கள் அவர் வரலாற்றை அறிய வேண்டும்; அவர் புகழுக்காக அன்று, அவர் கையாண்ட முறைக்காக!

1697ஆம் ஆண்டு பிறந்தார் ஹோகார்த். தந்தை ரிச்சர்ட் பள்ளி ஆசிரியர். இலத்தீன் புலமை மிக்கவர். காப்பிக் கடை ஒன்று திறந்து, அங்கே இலத்தீனிலேயே உரையாடலாம் என்று அறிவித்தார். கடை நொடித்தது, கடன் முற்றியது, ஃப்ளீட் சிறைக் கதவு திறந்தது. அரும்பாடுபட்டு அவர் தொகுத்த இலத்தீன் அகராதி அச்சேறவே இல்லை. பெரிய மனிதர்களின் பொய்த்த வாக்குறுதிகளும், புத்தக வணிகர்கள் நடத்திய விதமும் தந்தையின் ஆயுளைக் குறைத்தன என்று பிற்காலத்தில் மகன் எழுதி வைத்தார். புலமை இருந்தது, உழைப்பு இருந்தது. உழைப்பின் பயனைக் காக்கும் உரிமை மட்டும் இல்லை! அந்தப் பாடத்தை மகன் மறக்கவில்லை.

வெள்ளிப் பாத்திரங்களில் பிரபுக்களின் குலச் சின்னங்களைச் செதுக்கும் பட்டறையில் தொழில் பயின்றார் ஹோகார்த். 1720இல் தனித் தொழில் தொடங்கினார். செப்புத் தகட்டில் படம் செதுக்கி, மை தடவி, தாளில் அச்சிட்டு விற்பது தொழில். 1724இல் நகரத்தாரின் பகட்டு ரசனையைக் கேலி செய்து ஒரு படம் வெளியிட்டார். விலை ஒரு ஷில்லிங். சில நாட்களிலேயே படக்கடைகளில் அதன் கள்ளப் பிரதிகள் பாதி விலைக்குத் தொங்கின! அவருடைய அசல் பிரதிகள் விற்காமல் அவரிடமே திரும்பின. இறுதியில் அந்தத் தகட்டையே, கடைக்காரர்கள் தர முன்வந்த விலைக்குத் தந்துவிட நேர்ந்தது. பிரபுவிடமிருந்து தப்பியவனைப் பிடித்துக்கொண்டான் இடைத்தரகன்!

ஹோகார்த் என்ன செய்தார்? முதலில் கடைக்காரனை விலக்கினார். கிராமத்திலிருந்து இலண்டன் வந்த ஓர் இளம்பெண், வஞ்சகரிடம் சிக்கி விலைமகளாகி மடியும் கதையை ஆறு படங்களாகத் தீட்டினார். அவற்றைச் செப்பில் செதுக்கும் முன்பே சந்தா திரட்டினார். தொகுதி ஒரு கினி, அதாவது 21 ஷில்லிங். பாதி முன்பணம், மீதி படம் கையில் கிடைக்கும்போது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் சந்தா செலுத்தினர். 1732இல் படங்கள் வெளிவந்தன. ஒரு பிரபுவிடமும் கையேந்தாமல் ஆயிரம் கினி! ஆனால் இம்முறையும் கள்ளப் பிரதிகள் முளைத்தன.

தனியொருவனின் திறமை இதைத் தடுக்காது என்பதை உணர்ந்தார். தம்மைப் போன்ற ஓவியர்களையும் செதுக்குநர்களையும் சேர்த்துக்கொண்டு நாடாளுமன்றத்தில் முறையிட்டார். நூலாசிரியருக்கு 14 ஆண்டு உரிமை தரும் சட்டம் 1710 முதலே நடைமுறையில் இருந்தது. எழுத்துக்கு உள்ள உரிமை கோட்டுக்கு இல்லையா என்பதே அவர்கள் வழக்கு. வென்றார்கள்! 1735 ஜூன் 25 அன்று சட்டம் நடைமுறைக்கு வந்தது. தானே கற்பனை செய்து செதுக்கிய படத்தில் ஓவியனுக்கு 14 ஆண்டு தனியுரிமை. திருடி அச்சிட்டால் தகடு பறிமுதல். பிடிபடும் ஒவ்வொரு பிரதிக்கும் 5 ஷில்லிங் தண்டம்.

'ஊதாரியின் வாழ்க்கை' என்ற எட்டுப் படங்களை, அந்த நாள் வரும்வரை வெளியிடாமல் காத்திருந்தார் ஹோகார்த். திருடர்கள் காத்திருப்பார்களா? வாங்குவோர்போல ஆட்களை அவர் வீட்டுக்கு அனுப்பினர். வந்தவர்கள் சுவரில் இருந்த ஓவியங்களைக் கண்ணால் பார்த்து, கருத்தில் இருத்திச் சென்றனர். நினைவிலிருந்தே வரைந்த போலிகள் சட்டத்துக்கு முன்பே கடைக்கு வந்துவிட்டன! ஹோகார்த் புலம்பவில்லை. அசல் தொகுதியுடன், தாமே ஒப்புதல் தந்த மலிவுப் பதிப்பையும் இரண்டரை ஷில்லிங்குக்கு வெளியிடச் செய்தார். திருடனின் கருவியையே பறித்துவிட்டார்.

1751இல் சாராயத்தின் கொடுமையைக் காட்டும் 'ஜின் சந்து' வந்தது. எளியோரைத் திருத்தும் நோக்கம் என்பதால் இயன்ற அளவு மலிவாகவே வெளியிடுவதாக அவர் அறிவித்தார். விலை ஒரு ஷில்லிங். கூலிக்காரனுக்கு அதுவும் பெருந்தொகைதான். ஆனால் படக்கடைச் சன்னலில் தொங்கும் படத்தைப் பார்க்கக் கட்டணம் இல்லையே!

பிரபுக்கள் உலகம் அவரை எப்படி மதித்தது? இத்தாலியப் பழைய ஓவியம் என்று பெயர் சொன்னால் பொன்னைக் கொட்டியவர்கள், பணத்துக்காக நடக்கும் திருமணத்தைச் சாடிய அவருடைய ஆறு வண்ண ஓவியங்களுக்கு 1751 ஏலத்தில் தந்தது 120 கினி, சட்டங்களையும் சேர்த்து! இன்று அவை இலண்டன் தேசிய ஓவியக் கூடத்தின் செல்வங்கள்.

குறையையும் சொல்லத்தான் வேண்டும். 1757இல் அரசரின் தலைமை ஓவியர் பதவியை ஹோகார்த்தும் ஏற்றார். அவர் பெற்றுத் தந்த சட்டம், பிறர் ஓவியத்தைப் பார்த்துச் செதுக்கிய தொழிலாளியைக் காக்கவில்லை. 1767இல்தான் அவனுக்கும் உரிமை வந்தது. ஹோகார்த் 1764இல் மறைந்தபின், அதே 1767 சட்டம் அவர் மனைவி ஜேனுக்கு 20 ஆண்டு உரிமை வழங்கியது. அந்தத் தகடுகளே அவருக்குச் சோறிட்டன. உரிமைக் காலம் முடிந்த 1787இல், ராயல் அகாடமியின் 40 பவுன் உதவித்தொகையை அவர் நாட வேண்டியதாயிற்று. உரிமை இருந்தவரை ஊதியம். உரிமை போனதும் உதவித்தொகை! இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா?

இன்று இந்தியாவில் ஓவியனுக்கு வாழ்நாள் முழுதும், அதன்பின் 60 ஆண்டும் உரிமை உண்டு. சட்டம் ஏட்டில் இருக்கிறது. படமோ ஒரு நொடியில் பெயர் நீக்கப்பட்டுப் பல்லாயிரம் கைப்பேசிகளுக்குப் பறக்கிறது. 'உன் படம் பலர் பார்வைக்குப் போகிறதே, அதுவே பரிசு' என்று சொல்லும் புதிய பிரபுக்களும் இருக்கிறார்கள். புகழைக் காட்டிக் கூலியை மறுப்பது பழைய தந்திரம்!

கலையை விற்பது இழிவன்று. கலைஞன் தன்னை விற்பதே இழிவு. மாலை போட்டு வாழ்த்துவதற்கு முன், ஒரு படத்தை விலை கொடுத்து வாங்குங்கள். வரைந்தவன் பெயரை அழிக்காதீர்கள். கலைஞர்களே, தனித்தனியே மனம் புழுங்காமல் கூடி நின்று கேளுங்கள். 1735இல் இலண்டனில் சட்டத்தைப் பெற்றுத் தந்தது, கூடிக் கேட்ட குரல்தான்!