கிளையோமா: உயிரணு வேறுபாடும் பரிணாமமும்

கிளையோமா என்பது மூளையின் நரம்பணுக்களுக்குத் துணைநிற்கும் கிளையா உயிரணுக்களின் இனத்தைச் சார்ந்த கட்டி. இவ்வகையில் மிகக் கொடியதான கிளையோபிளாஸ்டோமாவில், ஒரே நோயாளியின் ஒரே கட்டிக்குள் இயல்பால் வேறுபட்ட பல உயிரணு வம்சங்கள் கலந்து வாழ்வதாலும், சிகிச்சை ஒன்றை அழிக்கும்போது மற்றொன்று தழைப்பதாலும், ஆரம்பத்தில் பலன் தந்த மருந்து நாளடைவில் பலனற்றுப் போகிறது.

ஆரம்ப ஆராய்ச்சிகள்: 1926-ல் அமெரிக்க வைத்தியர்களான பெர்சிவல் பெய்லியும் ஹார்வி குஷிங்கும், கட்டியின் அணுக்கள் கருவளர்ச்சியின் எந்நிலை அணுக்களை ஒத்துள்ளன என்று நோக்கிக் கிளையோமாக்களை வகுத்தனர். சஸ்திர சிகிச்சையை அதன் எல்லைவரை கொண்டுசென்ற வால்ட்டர் டாண்டி, வலப்பக்கப் பெருமூளை அரைக்கோளத்தையே எடுத்துவிட்ட நோயாளிகளைப் பற்றி 1928-ல் எழுதினார். அத்துணை எடுத்தும் நோய் திரும்பியது.

தமிழகத்தில்: வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1949-ல் ஜேக்கப் சாண்டியும், சென்னை அரசினர் பொது மருத்துவமனையில் 1950-ல் பி. ராமமூர்த்தியும் மூளை சஸ்திர சிகிச்சையைத் தொடங்கினர். வடசென்னை அனல் மின் நிலையங்களின் புகையே இந்நோய்க்குக் காரணம் என்று அவ்வட்டாரத்தார் ஐயுறுவதுண்டு. ஆயினும் சுற்றுப்புறக் காரணங்களுள் ஐயமற நிறுவப்பட்டது அயனிக் கதிர்வீச்சு ஒன்றே.

ஸ்கேன் கருவி தோன்றாத 1950-களில், விடியற்காலைத் தலைவலியும் வாந்தியுமாக வந்தவரின் விழித்திரையில் நரம்பு முனை வீங்கியிருக்கிறதா என்று பார்த்து, மூளையின் உள்ளறைகளில் காற்றைச் செலுத்தி எக்ஸ்ரே எடுத்தே கட்டியின் இடத்தை ஊகித்தனர். மண்டையோட்டைத் திறந்த பின் தெரிய வரும் காட்சிகளுள் இரண்டு முற்றிலும் வேறுபட்டவை. அக்காலச் சென்னையில் மிகுந்து காணப்பட்ட காசநோய்க் கட்டியாயின், அது கெட்டியாக, விளிம்பு தெளிவாக, சுற்றியுள்ள மூளையினின்று பிரிந்து வரும். கிளையோபிளாஸ்டோமாவாயின், நடுவே மஞ்சளாக மடிந்த திசுவும், ஆங்காங்கே இரத்தக் கசிவும், வெளிவட்டத்தில் சாம்பல் கலந்த இளஞ்சிவப்புத் திசுவுமாக, எங்கே கட்டி முடிந்து எங்கே மூளை தொடங்குகிறது என்று கத்தி பிடித்தவருக்கே தெரியாது.

காசநோயின் படிப்பினை: காசநோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசின் என்ற மருந்து ஒன்றையே கொடுத்தால், அதற்கு அடங்காத கிருமிகள் சில எஞ்சிப் பெருகும் என்பது 1940-களின் இறுதியில் தெளிவாகவே, கூட்டு மருந்து முறை பிறந்தது. 1956-ல் சென்னையில் நிறுவப்பட்ட காசநோய் மருந்துச் சிகிச்சை நிலையம், அம்முறையை வீட்டிலிருந்தபடியே வெற்றியாகக் கையாளலாம் என்று உலகுக்குக் காட்டியது. புற்றுநோயும் இவ்வாறே ஓரணுவின் சந்ததி கிளைத்து, தேர்வுக்குள்ளாகிப் பரிணமிப்பது என்ற கொள்கையைப் பீட்டர் நோவெல் 1976-ல் வெளியிட்டார். எனினும் காசக்கிருமி அந்நிய உயிர். கிளையோமா அணுவோ நோயாளியின் சொந்த அணு. ஆகவே அதைக் கொல்லும் மருந்து உடலையும் வருத்தும். பல மருந்துகள் இரத்தத்துக்கும் மூளைக்கும் இடையேயுள்ள தடையைக் கடப்பதுமில்லை.

நவீன காலம்: 2005-ல் வெளிவந்த ஆய்வொன்றில், கதிர்ச் சிகிச்சையோடு டெமோசோலோமைடு என்ற மருந்தைச் சேர்த்துக் கொடுத்ததால் கிளையோபிளாஸ்டோமா நோயாளிகளின் இடைநிலை ஆயுள் 12.1 மாதத்திலிருந்து 14.6 மாதமாக உயர்ந்தது. அதுவே இன்றளவும் அடிப்படைச் சிகிச்சை. 2014-ல் ஐந்து கட்டிகளிலிருந்து 430 அணுக்களைத் தனித்தனியே ஆராய்ந்தபோது, வெவ்வேறு வகைக் கிளையோபிளாஸ்டோமாக்களுக்கு உரியவை என எண்ணியிருந்த குணங்கள் ஒரே கட்டிக்குள் அடுத்தடுத்திருந்தன. அதே ஆண்டில் வெளியான பிறிதோர் ஆய்வு, டெமோசோலோமைடு பெற்ற தாழ்தரக் கிளையோமா நோயாளிகள் பதின்மரில் அறுவரிடம், திரும்பி வந்த கட்டியில் அம்மருந்தே தூண்டிய மரபணுப் பிறழ்வுகள் மிகப் பெருகியிருந்ததைக் காட்டியது. இ.ஜி.எஃப்.ஆர். என்ற ஏற்பியின் மாற்றுருவைக் குறிவைத்த தடுப்பூசிப் பரிசோதனை 2016-ல் நிறுத்தப்பட்டது. மீண்டும் எடுத்த திசுக்கள் பலவற்றில், தடுப்பூசி பெறாதோர் உட்பட, அக்குறியே மறைந்திருந்தது. 2019-ன் ஆய்வோ, மரபணு மாறாமலே அணுக்கள் ஒரு நிலையிலிருந்து மற்றொரு நிலைக்குப் பெயரவல்லன என்று கண்டது.

சிகிச்சை நிலை: ஊசிமுனையளவு எடுத்த திசு முழுக் கட்டிக்கும் பிரதிநிதியாகாது, முதல் முறை எடுத்த திசு, மீண்டும் வந்த கட்டிக்குச் சாட்சியாகாது. ஆதலின் பல இடங்களிலிருந்து திசு எடுப்பதும், இயலுமிடத்து நோய் திரும்பும்போது மறுபடியும் எடுத்துச் சோதிப்பதும், பல குறிகளை ஒருங்கே தாக்கும் மருந்துகளைத் தேடுவதும் இன்றைய ஆராய்ச்சியின் போக்கு. ஆறு வாரம் வேலை நாள்தோறும் கதிர்ச் சிகிச்சைக்கு வரவேண்டிய துறைமுகக் கூலித் தொழிலாளிக்கு, ஒவ்வொரு வருகையும் அன்றைய கூலியை இழக்கச் செய்வது. மறுசோதனைக்கு அவர் திரும்பி வரும் வசதியைச் செய்துதராதவரை, மாறிக்கொண்டேயிருக்கும் இந்நோயைப் பற்றிய அறிவும் குறைபட்டதாகவே இருக்கும்.