டிரெய்லரா, டாலியா? ஒரு பாரக் கணக்கு

அமெரிக்காவின் வடக்கு மாநிலங்களில் குளிர்காலம் முழுக்கச் சாலையில் உப்பைக் கொட்டுகிறார்கள். பனி உருகுகிறது, கூடவே கார்களின் அடித்தகடும் அரித்துப்போகிறது. அதனால் பழைய கார் மீது ஆசை வைத்த மிச்சிகன்காரரும் ஒஹாயோக்காரரும் அரிசோனா, கலிபோர்னியா போன்ற வறண்ட பக்கமாகத் தேடுவார்கள். அங்கே இருபது வருடம் வெயிலில் நின்ற காரின் பெயின்ட் வெளுத்திருக்கும், சீட் கிழிந்திருக்கும். ஆனால் தகடு கெட்டியாக இருக்கும். விலை படிந்தபிறகுதான் அடுத்த கேள்வி வரும்: ஓடாத இந்தக் காரை வீடு சேர்ப்பது எப்படி?

நம்மூரில் கயிறு கட்டி இழுப்பார்கள், இல்லையென்றால் ரெக்கவரி வண்டியைக் கூப்பிடுவார்கள். அமெரிக்காவில் பலரும் தங்கள் பிக்கப்பை எடுத்துக்கொண்டு தாங்களே போய்விடுகிறார்கள். டொயோட்டா டகோமா, ஃபோர்டு ரேஞ்சர், ஷெவ்ரலே கொலராடோ, நிசான் ஃப்ரான்டியர், ஹோண்டா ரிட்ஜ்லைன் ஆகியவை அங்கே நடுத்தர அளவுப் பிக்கப்புகள். 1945-இல் வாஷிங்டன் மாநிலத்தின் ரிட்ஜ்ஃபீல்டில் தொடங்கிய யூ-ஹால் போன்ற வாடகை நிறுவனங்கள், பின்னால் மாட்டிக்கொள்ள இரண்டு சாதனங்களை வைத்திருக்கின்றன. ஒன்று, காரின் நான்கு சக்கரங்களையும் ஏற்றிக்கொள்ளும் கார் டிரெய்லர். மற்றொன்று, முன்சக்கரங்கள் இரண்டை மட்டும் தூக்கிவைத்து, பின்சக்கரங்களைச் சாலையிலேயே உருளவிடும் டாலி. டாலிக்கு வாடகை குறைவு, எடையும் குறைவு. நடுத்தரப் பிக்கப்புக்கு அதுவே பொருத்தம் என்று முதல் பார்வையில் தோன்றும். அந்தப் பார்வை சரியா என்று பார்ப்போம்.

இழுக்கும் திறனும் எடையும்

யூ-ஹால் கார் டிரெய்லர் வெறுமையாகவே 2,210 பவுண்டு, அதாவது சுமார் 1,000 கிலோ. அதில் 5,290 பவுண்டு வரை ஏற்றலாம். மொத்த உச்சவரம்பு 7,500 பவுண்டு (3,400 கிலோ). டாலியின் எடை 750 பவுண்டு, சுமார் 340 கிலோதான்.

பிக்கப்பின் பக்கம் வருவோம். 2016 முதல் 2023 வரை வந்த டகோமாவின் வி6 மாடல்கள், உரிய இழுவைப் பொருத்தங்களோடு, வகையைப் பொறுத்து 6,400 முதல் 6,800 பவுண்டு வரை இழுக்கும். ரேஞ்சர், அதேபோன்ற பொருத்தங்களோடு, 7,500 பவுண்டு. ரிட்ஜ்லைன் 5,000 பவுண்டு. இந்த எண்களை டிரெய்லரின் உச்சவரம்போடு சேர்த்துப் பார்த்தால் ஒன்று புலப்படும்: டிரெய்லர் தாங்கும் முழுப் பாரத்தை டகோமா இழுக்காது. 6,400-இல் டிரெய்லரின் 2,210 போக, காருக்கு மிஞ்சுவது 4,190 பவுண்டு (1,900 கிலோ). ரிட்ஜ்லைன் என்றால் 2,790 பவுண்டுதான் (1,265 கிலோ). மாஸ்டா மியாட்டா போன்ற குட்டிக் கார் அதற்குள் அடங்கும், டொயோட்டா கேம்ரி அடங்காது.

சுமார் 3,300 பவுண்டு உள்ள ஒரு கேம்ரியை எடுத்துக்கொள்வோம். டிரெய்லரோடு சேர்த்தால் 5,510 பவுண்டு. டாலியோடு சேர்த்தால் 4,050. வித்தியாசம் 1,460 பவுண்டு, அதாவது 660 கிலோ. எடைக் கணக்கில் டாலிக்கே வெற்றி.

கம்பெனி சொல்லும் எண்ணை நம்பலாமா என்று கேட்கலாம். முன்பு ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு ஓர் எண்ணைப் போட்டுக்கொண்டது. பிறகு வாகனப் பொறியாளர்களின் அமைப்பான எஸ்.ஏ.இ., ஜே2807 என்ற பொது விதியைக் கொண்டுவந்தது. டொயோட்டா அதை 2011-லேயே ஏற்றுக்கொண்டது. அந்த விதியின் மலையேற்றச் சோதனைக்கு அடிப்படை, அரிசோனாவில் டேவிஸ் அணை அருகே தொடங்கும் 11.4 மைல் ஏற்றம். 38 டிகிரி செல்சியஸ் வெயில், ஏசி முழு வேகத்தில், பின்னால் முழுப் பாரம். அப்படியும் வேகம் மணிக்கு 40 மைலுக்குக் கீழே இறங்கக் கூடாது. ஆகவே இன்று விளம்பரத்தில் வரும் எண் வெறும் வாய்ப்பந்தல் இல்லை. ஆனால் சோதனையில் வண்டிக்குள் உட்கார்ந்திருப்பது இரண்டு பேர், ஆளுக்கு 68 கிலோ. குடும்பமும் பெட்டி படுக்கையும் அந்தக் கணக்கில் கிடையாது.

முன்பாரம், பின்பாரம்

மாட்டு வண்டியில் மூட்டை ஏற்றுகிறவர் முன்பாரம், பின்பாரம் பார்த்துத்தான் அடுக்குவார். முன்பாரம் கூடினால் மாட்டின் கழுத்தை நுகத்தடி அழுத்தும். பின்பாரம் கூடினால் நுகத்தடி மேலே எழும்பி, பூட்டாங்கயிறு கழுத்தை இறுக்கும். பிக்கப்புக்குப் பின்னால் மாட்டிய டிரெய்லருக்கும் இதே நியாயம்தான். மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் பிக்கப்பில் டிரெய்லரை மாட்டும் ஹிட்ச் குண்டின் மேல் உட்கார வேண்டும். அதற்குக் குறைந்தால் டிரெய்லர் வால் ஆட்டத் தொடங்கும். வேகம் கூடக்கூட ஆட்டமும் கூடி, கடைசியில் பிக்கப்பையே புரட்டிவிடக்கூடும்.

என்ஜின் முன்னால் இருக்கும் காரை டிரெய்லரில் முன்முகமாக ஏற்றினால் முன்பாரம் தானாகவே அமைந்துவிடும். பழைய ஃபோக்ஸ்வாகன் பீட்டில் போன்ற பின் என்ஜின் காரில் பாரம் பின்னுக்கு நழுவும். ஏற்றும் முன்பே வாடகைக் கடையில் கேட்டுத் தெளிவது நல்லது.

நடுத்தரப் பிக்கப் சறுக்குவதும் இந்த முன்பாரத்தில்தான். நமது கேம்ரியும் டிரெய்லரும் சேர்ந்து 2,500 கிலோ; முன்பாரம் 250 முதல் 375 கிலோ. இது பிக்கப் சுமக்கவும் வேண்டிய பாரம், இழுக்கும் பாரக் கணக்கோடு நின்றுவிடாது. ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால், ஆட்களும் சாமான்களும் சேர்ந்து இவ்வளவுக்கு மேல் போகக் கூடாது என்று ஒரு ஸ்டிக்கர் சொல்லும். இந்த வகைப் பிக்கப்பில் அந்த எண் சுமார் 500 கிலோவாக இருப்பது சாதாரணம். முன்பாரம் 300 கிலோ போனால் மிச்சம் 200. அதில் இரண்டு பேர் ஏறி, ஒரு டூல் பாக்ஸும் உதிரிச் சக்கரமும் வைத்தால் கணக்கு தீர்ந்தது. இழுக்கும் திறனில் இன்னும் 400 கிலோ மிச்சமிருக்க, சுமக்கும் திறன் முதலில் காலியாகிவிடுகிறது.

டாலியில் இந்தத் தொல்லை குறைவு. காரின் பின்பாதியை அதன் சொந்தச் சக்கரங்களே தாங்குகின்றன. முன்பாதி டாலியின் அச்சின் மேல் நிற்கிறது. பிக்கப்பின் மேல் இறங்குவது கொஞ்சம்தான். இந்தச் சுற்றிலும் டாலிக்கே வெற்றி.

காரின் மேல் விழும் செலவு

இதுவரை பிக்கப்பின் கண்ணால் பார்த்தோம். காரின் கண்ணால் பார்த்தால் தராசு மறுபக்கம் சாய்கிறது.

டாலியில் போகும் காரின் பின்சக்கரங்கள் வழி நெடுகச் சுழல்கின்றன. கேம்ரி போன்ற முன்சக்கர இயக்கக் காருக்கு இதனால் பாதகமில்லை. ஹேண்ட் பிரேக்கை விடுவித்திருக்கிறோமா என்று மட்டும் பார்த்தால் போதும். மியாட்டா போன்ற பின்சக்கர இயக்கக் காரில் கதை வேறு. சக்கரம் சுழன்றால் புரொபெல்லர் ஷாஃப்ட் சுழலும், அது கியர்பாக்ஸின் உட்பாகங்களைச் சுழற்றும். என்ஜின் ஓடாதபோது உள்ளே எண்ணெய் சரியாகப் பரவாது. நூறு மைல் போவதற்குள் கியர்பாக்ஸ் வெந்துபோகலாம். அதைத் தவிர்க்க ஷாஃப்டைக் கழற்ற வேண்டும். விற்பவர் வீட்டு வாசலில், மண்ணில் படுத்துக்கொண்டு. நான்கு சக்கர இயக்கக் கார் என்றால் டாலியை மறந்துவிடலாம்.

டயரையும் பார்க்க வேண்டும். வருடக்கணக்கில் அசையாமல் நின்ற காரின் டயர் பார்க்க முழுதாக இருக்கும். ரப்பர் வெடித்திருக்கும், வீல் பேரிங்கில் கிரீஸ் காய்ந்திருக்கும். டாலியில் போனால் அந்த டயர் நெடுஞ்சாலை வேகத்தில் உருண்டாக வேண்டும். டிரெய்லரில் போனால், ஏறி இறங்கும் பத்தடிக்கு உருண்டால் போதும். பழுதான காரை வாங்கி வருகிறவருக்கு இந்த ஒரு காரணமே டிரெய்லர் பக்கம் சாயப் போதுமானது.

ஏற்றும் வேலையில் டாலிக்கு ஒரு சலுகை உண்டு. இரண்டு சக்கரங்களைக் குட்டையான சரிவில் தள்ளினால் போதும். டிரெய்லரில் முழுக் காரையும் மேலேற்ற வேண்டும். வாடகை டிரெய்லரில் வின்ச் இருக்காது. ஓடாத காரென்றால் கையால் இழுக்கும் வின்ச் ஒன்றை நாமே கொண்டுபோக வேண்டும், அல்லது தள்ள நாலு பேர் வேண்டும். இரண்டிலும் காரைப் பிடித்து வைப்பது முன்சக்கரங்களைச் சுற்றி இறுக்கும் ராட்செட் பட்டைகளும் பாதுகாப்புச் சங்கிலிகளும்தான். புறப்பட்ட ஐந்தாவது மைலில் ஒருமுறை, ஐம்பதாவது மைலில் ஒருமுறை ஓரங்கட்டி அவற்றை மறுபடி இறுக்கிவிட வேண்டும்.

பிரேக்கும் ரிவர்ஸும்

வாடகை டிரெய்லரில் இருப்பது சர்ஜ் பிரேக். பிக்கப் பிரேக் பிடித்ததும் பின்னால் வரும் டிரெய்லர் முன்னோக்கி முட்டும். அந்த முட்டலே இணைப்பில் உள்ள சிலிண்டரை அழுத்தி, டிரெய்லர் சக்கரங்களின் பிரேக்கைப் பிடிக்கவைக்கும். பிக்கப்பில் தனியாக மின் கட்டுப்பாட்டுக் கருவி எதுவும் தேவையில்லை. யார் வந்து கேட்டாலும் வாடகைக்குக் கொடுக்க வசதியாக இருப்பதால்தான் இந்த ஏற்பாடு. குறை என்னவென்றால், டிரெய்லர் பிரேக்கை மட்டும் தனியாக நாம் பிடிக்க முடியாது. நீண்ட இறக்கத்தில் டிரெய்லர் முட்டிக்கொண்டே வருவதால் அந்தப் பிரேக் சூடாகும். இறக்கம் தொடங்கும் முன்பே கியரைக் குறைத்து, என்ஜின் பிரேக்கில் இறங்க வேண்டும்.

டாலியில் காரின் பின்சக்கரங்கள் எந்தப் பிரேக்கும் இல்லாமல் உருண்டு வருகின்றன. காரின் சொந்தப் பிரேக்கை மிதிக்க அதற்குள் ஆள் இல்லை. எடை குறைவு என்று டாலியைத் தேர்ந்தெடுத்தவர், நிறுத்தும்போது அந்தச் சலுகையில் ஒரு பங்கைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்.

அடுத்து ரிவர்ஸ். டிரெய்லரைப் பின்னோக்கி எடுப்பது பழகினால் வந்துவிடும். ஸ்டியரிங்கின் அடிப்பகுதியைப் பிடித்துக்கொண்டு, டிரெய்லர் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் கையை நகர்த்தினால் போதும். டாலியை மாட்டிக்கொண்டு ரிவர்ஸ் எடுக்கவே கூடாது. டாலி ஒரு பக்கமும் கார் ஒரு பக்கமும் மடங்கி, பாடியில் இடிக்கும். முட்டுச்சந்தில் நுழைந்துவிட்டால் காரை இறக்கி, டாலியைக் கழற்றி, கையால் திருப்பி, மறுபடி ஏற்ற வேண்டும். பெட்ரோல் பங்கில் நுழையும்போதே வெளியேறும் வழியைப் பார்த்துவைக்க வேண்டும்.

வேகத்தில் இரண்டும் ஒன்று. யூ-ஹால் தன் டிரெய்லர்களுக்கு விதித்திருக்கும் உச்ச வேகம் மணிக்கு 55 மைல். கலிபோர்னியாவில் எதையாவது இழுத்துச் செல்லும் வண்டிக்குச் சட்டமே அதைத்தான் சொல்கிறது. ஆட்டம் தொடங்கினால் பிரேக்கை மிதிக்காமல், ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, ஆக்சிலேட்டரை மட்டும் மெல்ல விட வேண்டும். இதுவும் இரண்டுக்கும் பொது.

தீர்ப்பு

டிரெய்லர் தன் பாரத்தை மறைக்காமல் பிக்கப்பின் மேல் வைக்கிறது. அதைப் புறப்படும் முன்பே காகிதத்தில் கூட்டிப் பார்த்துவிடலாம். டாலி அந்தப் பாரத்தைக் காரின் டயருக்கும் கியர்பாக்ஸுக்கும், ஓட்டுகிறவரின் சாமர்த்தியத்துக்கும் பிரித்துக் கொடுத்துவிடுகிறது. அதில் எது எப்போது கைவிடும் என்பதை முன்கூட்டிக் கணக்கிட முடியாது. ஆகவே ஓடாத பழைய காரை வெகுதூரம் கொண்டுவருகிறவருக்கு டிரெய்லரே சரி. முன்சக்கர இயக்கக் கார், நல்ல டயர், தெரிந்த வழி, கிட்டத்துத் தூரம் என்ற நான்கும் சேர்ந்து அமைந்தால் மட்டும் டாலி.

டிரெய்லர் கணக்கு உங்கள் பிக்கப்புக்கு ஒத்துவரவில்லை, டாலிக்கான நான்கும் அமையவில்லை என்றால், காசு கொடுத்து ஆள் வைத்து ஏற்றி அனுப்புவதே மலிவு. காருக்கு முன்பணம் கொடுக்கும் முன், உங்கள் வண்டியின் கதவைத் திறந்து அந்த ஸ்டிக்கரை ஒருமுறை படித்துவிடுங்கள்.