கண்நரம்பு வாதமும் பக்கவாதமும் – ஒரு வரலாற்றுப் பார்வை

பெங்களூர் நீலசந்திராவில் வளர்ந்த எங்களுக்கு இரண்டு பெரிய ஆஸ்பத்திரிகள் சிறுவயது முதலே பழக்கம். ஒன்று, 1896இல் தொடங்கி 1913இல் தன் சொந்தக் கட்டடத்துக்கு வந்த மின்டோ கண் ஆஸ்பத்திரி. மற்றொன்று, ஓசூர் ரோட்டில் 1974இல் உருவான நிம்ஹான்ஸ். கண்ணுக்கு மின்டோ, மூளைக்கு நிம்ஹான்ஸ் என்று நாங்களாகவே பாகம் பிரித்து வைத்திருந்தோம். அந்தப் பிரிவினை எப்போதும் சரியாக இருக்காது என்பதை எங்கள் மாமா மூலமாகத் தெரிந்துகொண்டேன்.

1994ஆம் ஆண்டு. நீலசந்திரா பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்த மாமா, "என்னடா இது, ஒரு பஸ் ரெண்டா வருது!" என்றார். ஒரு கண்ணை மூடினால் பஸ் ஒன்றாகிவிட்டது. இடக்கண் மூக்குப் பக்கம் திரும்பியிருந்தது. கண்ணாடிக் கடைக்காரர் புதுக் கண்ணாடி கொடுத்தார். அத்தை திருஷ்டி சுற்றிப் போட்டார். மூன்று மாதத்தில் கண் தானாகவே நேரானது. "எல்லாம் சரியாப்போச்சு" என்று அத்தோடு விட்டுவிட்டோம். அடுத்த வருடமே மாமாவுக்குப் பக்கவாதம் வந்து வலக்கை, வலக்கால் விழுந்தன. அப்போது பார்த்த டாக்டர் கேட்ட முதல் கேள்வி: "முன்னாடி எப்பவாவது ரெண்டு ரெண்டா தெரிஞ்சுதா?"

அந்தக் கேள்விக்குப் பின்னால் நூற்றைம்பது வருட வரலாறு இருப்பதைப் பிறகுதான் படித்து அறிந்தேன்.

ஒவ்வொரு கண்ணையும் அசைக்க ஆறு தசைகள் உள்ளன. மூளையிலிருந்து வரும் பன்னிரண்டு ஜோடி நரம்புகளில் 3வது, 4வது, 6வது ஆகிய மூன்றும் அந்தத் தசைகளை இயக்குகின்றன. 3வது நரம்பு நான்கு தசைகளோடு மேல் இமையைத் தூக்குவதையும் கண்மணியைச் சுருக்குவதையும் கவனிக்கிறது. மற்ற இரண்டுக்கும் ஆளுக்கொரு தசை. 6வது நரம்பு சோர்ந்தால் கண்ணை வெளிப்பக்கம் திருப்ப முடியாது. மாமாவுக்கு நடந்தது அதுதான்.

1856இல் பாரிஸில் குப்ளெர் என்ற மருத்துவர், முகம் ஒரு பக்கமும் கைகால் மறுபக்கமும் செயலிழப்பதை விவரித்தார். இதனுடன் 6வது நரம்பும் பாதிக்கப்படுவது உண்டு. 1863இல் லண்டனில் ஹெர்மன் வெபர், 3வது நரம்பு ஒரு பக்கம் விழுந்து, மறுபக்கக் கைகால் செயலிழப்பதை எழுதினார். நரம்புகள் கிளம்பும் இடம் மூளைத்தண்டு. அங்கே ரத்த ஓட்டம் தடைப்பட்டால் கண்ணும் கைகாலும் சேர்ந்தே பாதிக்கப்படும். அந்தக் காலத்து மருத்துவர்கள் கண்ணைப் பார்த்து, மூளையில் அடிபட்ட இடத்தைக் கண்டுபிடித்தார்கள். ஆனால் அதெல்லாம் பக்கவாதம் வந்த பிறகு.

கண் மட்டும் தனியாக விழுந்தால்? 1957இல் அமெரிக்க மருத்துவர்கள், இறந்துபோன ஒரு சர்க்கரை நோயாளியின் 3வது நரம்பை ஆராய்ந்தார்கள். சேதம் மூளைக்குள் இல்லை, நரம்பின் தண்டிலேயே இருந்தது. நரம்புக்கு உணவூட்டும் மிக நுண்ணிய ரத்தக்குழாய்கள் அடைபடுவதே காரணம் என்ற கருத்து வலுப்பெற்றது. 1960இல் கோல்ட்ஸ்டைன், கோகன் இருவரும், சர்க்கரையால் வரும் 3வது நரம்பு வாதத்தில் கண்மணி பெரும்பாலும் தப்பிவிடுவதை எடுத்துக்காட்டினர். கண்மணிக்கான இழைகள் நரம்பின் வெளிப்புறத்தில் ஓடுகின்றன. ரத்தம் குறைந்தால் முதலில் வாடுவது நடுப்பகுதி. மாறாக, ரத்தக்குழாய் பலூன்போல் வீங்கி வெளியிலிருந்து நரம்பை அழுத்தினால் கண்மணி விரிந்துவிடும். அது வெடித்தால் உயிருக்கே ஆபத்து.

2010களில் தைவானிலும் தென் கொரியாவிலும் நாட்டு மக்களின் காப்பீட்டுப் பதிவுகளை வைத்து ஆய்வு செய்தார்கள். இந்த நரம்பு வாதம் வந்தவர்களுக்கு, வராதவர்களைவிடப் பின்னாளில் பக்கவாதம் வரும் வாய்ப்பு கூடுதல் என்று தெரிந்தது. எல்லோருக்கும் வந்தே தீரும் என்பதல்ல. நரம்பின் நுண்குழாயைக் கெடுத்த அதே சர்க்கரையும் கொதிப்பும் மூளையின் குழாய்களையும் விட்டுவைப்பதில்லை, அவ்வளவுதான். கண் நேராவதால் அந்த மூலகாரணம் போய்விடாது. நாங்கள் தவறவிட்டது இதைத்தான். மாமாவுக்குச் சர்க்கரை இருந்ததே பக்கவாதம் வந்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

ஆகவே நம் குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள். பெரியவர்கள் யாராவது திடீரென்று "ரெண்டா தெரியுது" என்றால் கண்ணாடிக் கடையோடு நிறுத்தாமல் அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள். இமை தொங்கி, கண்மணி விரிந்து, கடும் தலைவலி இருந்தாலோ, வாய் கோணல், பேச்சுக் குழறல், நடை தள்ளாட்டம், கைகால் சோர்வு சேர்ந்தாலோ ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் 108ஐ அழையுங்கள். கண் தானாகச் சரியானாலும் சர்க்கரை, கொதிப்பு, கொழுப்பு மூன்றையும் பரிசோதித்து, மருந்தை விடாமல் சாப்பிடச் சொல்லுங்கள். புகைப் பழக்கம் இருந்தால் நிறுத்தச் சொல்லுங்கள்.

திருஷ்டி சுற்றுவதை நான் குறை சொல்லவில்லை. சுற்றிப் போட்ட கையோடு ரத்தத்தையும் பரிசோதித்திருந்தால், மாமா தம் பேத்தி கல்யாணத்துக்கு நடந்தே வந்திருக்கக்கூடும்.